வாசகர் கேள்வி–பதில்: உலாவிப் பற்றும் உலாவிப் பாதுகாப்பும்

உலாவிகள் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வழக்கு மனுக்களாகவே இருந்தன. 'நியாயம் என் பக்கம்தான் என்று எழுதிக் கொடுங்கள்' என்பதே பலருடைய கோரிக்கை. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இந்தப் பகுதிக்குக் கிடையாது. ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடந்தன. ஓர் உலாவி எவ்வளவு பாதுகாப்பானது என்பது ஒன்று. அதை உருவாக்குபவர்கள் மீது நமக்கு ஏன் பிடிப்பு உண்டாகிறது என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்க இயன்றவரை முயன்றிருக்கிறேன்.

கேள்வி: ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஃபயர்ஃபாக்ஸ் மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். பாதுகாப்பில் அது குரோமுக்கு ஈடாகாது என்று எங்கள் இணையக் குழுவில் ஒருவர் எழுதினார். நான் மறுத்தேன். மூன்று நாள் நீடித்த விவாதம், ஒருவரையொருவர் 'விலைபோனவர்' என்று ஏசிக்கொள்வதில் முடிந்தது. உண்மையில் யார் சொன்னது சரி?

பதில்: அந்த விவாதம் 2012ஆம் ஆண்டில் நடந்திருந்தால் உங்கள் நண்பர் சொன்னதே சரி. இன்று நடந்திருப்பதால், அவர் பழைய உண்மை ஒன்றைக் காலம் கடந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்; நீங்களோ அது எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை என்று மறுத்திருக்கிறீர்கள் எனத் தோன்றுகிறது.

2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோது அதன் அடித்தளமே வேறாக இருந்தது. அதுவரை பெரும்பாலான உலாவிகள், நாம் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் ஒரே புராசஸுக்குள், அதாவது கணினியில் ஒன்றாக ஓடும் ஒரே நிரல் இயக்கத்துக்குள், வைத்திருந்தன. தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடத்தில் எல்லோரும் படுத்துறங்குவது போன்ற ஏற்பாடு அது. ஒருவர் சட்டைப்பையில் இன்னொருவர் கைவிட்டால் தடுக்க ஏதுமில்லை. குரோம் பக்கங்களைத் தனித்தனி அறைகளில் வைத்ததோடு, அந்த அறையிலிருந்து கணினியின் கோப்புகளைத் தொட முடியாதபடி 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் அடைப்பையும் போட்டது. பக்கத்தைக் காட்டும் நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு, அடைப்பை உடைக்க இன்னோர் ஓட்டையும் தேவைப்பட்டது. தாக்குதலின் விலை அங்கேதான் உயர்ந்தது.

ஃபயர்ஃபாக்ஸில் இந்தப் பல புராசஸ் அமைப்பு, 2016 ஆகஸ்டில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்துதான் படிப்படியாகப் பயனர்களை எட்டியது. எட்டு ஆண்டுத் தாமதம். உலாவிகளை உடைத்துக் காட்டுபவர்களுக்குப் பரிசளிக்கும் 'போன்-டு-ஓன்' போட்டியில் அந்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் இலக்குப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. முந்தைய ஆண்டில் பாதுகாப்பைக் கணிசமாக மேம்படுத்திய உலாவிகளையே எடுத்துக்கொண்டோம் என்று அமைப்பாளர்கள் விளக்கினார்கள். உடைப்பதற்குக்கூடத் தகுதியற்றதாக ஒதுக்கப்படுவதைவிடப் பெரிய அவமானம் ஓர் உலாவிக்கு இருக்க முடியுமா என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அந்தத் தாமதத்துக்கான காரணம்தான் உங்களைப் போன்ற நெடுங்காலப் பயனர்கள் கவனிக்க வேண்டியது. பழைய ஃபயர்ஃபாக்ஸின் நீட்டிப்புகளால் (கூடுதல் வசதிக்காக நாமே உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) உலாவியின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தொட்டு மாற்ற முடிந்தது. அந்தச் சுதந்திரத்துக்காகவே பலர் அதை நேசித்தார்கள். சுவர் எழுப்பினால் அந்த நீட்டிப்புகள் செத்துவிடும், நேசித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கணக்கில் தயங்கிய பிறகு, 2017 நவம்பரில் 57ஆம் பதிப்போடு, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா பழைய நீட்டிப்பு முறையை வெட்டி எறிந்தது. எதிர்பார்த்தபடியே பழைய அன்பர்கள் கொதித்தார்கள். சிலர் பழைய நிரலிலிருந்து கிளைத்த சிறிய உலாவிகளுக்குப் போய்விட்டார்கள். ஆக, இங்கே பயனர்களின் பற்றே பாதுகாப்பின் வேகத்தைக் குறைத்தது. இதை எழுதும் நானும் அந்தக் கோபக்காரர்களில் ஒருவனாக இருந்தவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு இடைவெளி வேகமாகக் குறுகியது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிச் சில்லுக் குறைபாடு வெளியானபோது, ஒவ்வொரு தளத்தையும் தனி புராசஸில் பிரித்து வைப்பது அவசியம் என்று ஆயிற்று. குரோம் அதே ஆண்டு மேசைக்கணினிகளில் அதைச் செய்து முடித்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 இறுதியில் செய்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், எழுத்துரு, எழுத்துப்பிழைத் திருத்தி போன்ற துணை நிரல்தொகுப்புகளையும் உலாவிக்குள்ளேயே தனியாக அடைத்து வைக்கும் நுட்பத்தை ஃபயர்ஃபாக்ஸ் கொண்டுவந்தது. இன்றைய நிலையில் மேசைக்கணினியில் இரண்டில் எதையும் உரிய காலத்தில் புதுப்பித்துப் பயன்படுத்துபவர், அந்தத் தேர்வுக்காக அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: கடந்த ஆண்டு எந்த உலாவியில் எத்தனை குறைபாடுகள் கண்டறியப்பட்டன என்ற பட்டியல் ஒன்றில் குரோம் முதலிடத்தில் இருந்தது. அப்படியானால் அதுதானே மிகப் பலவீனமான உலாவி?

பதில்: பரிசோதனைக்கூடங்கள் நிறைந்த ஊரில்தான் நோயாளிகளின் எண்ணிக்கையும் அதிகமாகப் பதிவாகும். குரோமின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு 2010ஆம் ஆண்டு முதல் கூகுள் பணம் தருகிறது (மொசில்லா 2004 முதலே தருகிறது). உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் உலாவி என்பதால் தேடுபவர்களும் அதிகம். அது போக, எண்ணும் முறையே ஒன்றுபோல் இல்லை. தங்கள் பொறியாளர்களே கண்டறிந்த நினைவகப் பிழைகள் பலவற்றை மொசில்லா ஒரே பதிவு எண்ணின் கீழ் மூட்டையாகக் கட்டி வெளியிடுவது வழக்கம். குரோமும் உள்சோதனைகளில் அகப்பட்டவற்றைப் பொதுவாக ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டு மூட்டைகளை எண்ணி, எதில் அதிக நெல் என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கையைவிடத் தன்மை முக்கியம். 2015ஆம் ஆண்டுக்குப் பிந்தைய கடுமையான குறைபாடுகள் 912-ஐ, குரோமின் அடித்தளமான குரோமியம் என்ற திறந்த மூலநிரல் திட்டத்தின் பொறியாளர்கள் ஆராய்ந்து, அவற்றில் 70 சதவீதம் அளவுக்கு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வந்தவை என்று 2020இல் அறிவித்தார்கள். அதிலும் பாதி ஒரே வகை. பக்கத்தில் இருந்த ஒரு படம் நீக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒதுக்கிய நினைவக இடத்தை உலாவி விடுவித்துவிடுகிறது. ஆனால் நிரலின் வேறொரு மூலையில் அந்த இடத்தின் முகவரி அழிக்கப்படாமல் நிற்கிறது. தாக்குபவர் அந்தக் காலி இடத்தில் தன் சரக்கை நிரப்பிவிட்டுக் காத்திருப்பார். பழைய முகவரியை நம்பி வரும் நிரல், படத்தின் விவரம் என்று நினைத்து அவருடைய சரக்கை எடுத்து இயக்கிவிடும். காலிசெய்து போனவருக்கு வந்த காசோலையைப் புதிதாகக் குடிவந்த திருடன் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வதற்குச் சமம் இது.

சி++ மொழியில் எழுதப்பட்ட எந்தப் பெரிய உலாவிக்கும் இந்த நோய் உண்டு. இதைத் தடுப்பதற்கென்று மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்த மொழிதான் ரஸ்ட்; 2015இல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது, ஃபயர்ஃபாக்ஸ் 57இல் பக்க அலங்காரத்தைக் கணக்கிடும் பகுதி அம்மொழியில் எழுதப்பட்டது. குரோமியம் திட்டமும் 2023இல் ரஸ்டைத் தன் நிரலுக்குள் அனுமதித்தது. ரசிகர்கள் வெளியே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், பொறியாளர்கள் பக்கத்து வீட்டில் கூச்சமில்லாமல் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனவே பட்டியலில் பார்க்க வேண்டியது வேறு: ஓட்டை தெரிந்த நாளுக்கும் உங்கள் கணினியில் அது அடைபட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாள்? குரோமில் திருத்தம் நிரலில் சேர்வதற்கும் பயனரை அடைவதற்கும் சராசரியாக 35 நாள் ஆன காலம் உண்டு. அது சுமார் 15 நாளாகக் குறைந்து, 2023 ஆகஸ்டிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வருகின்றன. மீதி நாள்கள் நம் கையில். மூலையில் தோன்றும் புதுப்பிப்புக் குறி இரண்டு நாளில் பச்சையாகவும், நான்கு நாளில் ஆரஞ்சாகவும், ஒரு வாரம் கடந்தால் சிவப்பாகவும் மாறும். திறந்து வைத்த 60 டேப்களை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் அந்தச் சிவப்பை நானே பத்து நாளுக்கு மேல் விட்டுவைத்ததுண்டு. அந்தப் பத்து நாளில் நான் இரண்டு பேருக்கு உலாவிப் பாதுகாப்பு பற்றி அறிவுரை வழங்கினேன்.

கேள்வி: நான் வெகுகாலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பயன்படுத்தியவன். அதைப் பயன்படுத்துபவர்களுக்கு அறிவு குறைவு என்று ஆய்வே இருக்கிறது என்று என் மைத்துனர் இன்றும் கேலி செய்கிறார். அப்படி ஓர் ஆய்வு உண்டா?

பதில்: உங்கள் மைத்துனர் இன்னும் 2011ஆம் ஆண்டிலேயே இருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை இறுதியில், உலாவிகளையும் அறிவுத்திறன் மதிப்பெண்களையும் ஒப்பிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஓர் 'ஆய்வு' வெளியானது. பிபிசி உள்ளிட்ட பெரிய செய்தி நிறுவனங்களும் அதை நம்பி வெளியிட்டன. சில நாள்களிலேயே அந்த ஆய்வு நிறுவனம் என்பதே போலி, அதன் ஊழியர்களின் படங்கள் வேறொரு பிரெஞ்சு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என்பது வெளிப்பட்டது. ஏற்கெனவே நம்பியிருந்த ஒன்றுக்குச் சான்று கிடைத்தால் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. புத்திசாலிகள் என்று தங்களை நினைத்துக்கொண்டவர்களும் சோதிக்கவில்லை.

அந்த உலாவியைக் குறைகூறக் காரணம் இல்லாமலில்லை. 2001இல் வந்த ஆறாம் பதிப்புக்கு அடுத்தது 2006இல்தான் வந்தது. இடையில், 2004 ஜூனில், அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு வேறு உலாவியைப் பயன்படுத்துவதையும் ஒரு வழியாகச் சொல்லியது. 2010 ஜனவரியில் ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள் அதைத் தற்காலிகமாகத் தவிர்க்கச் சொன்னன. கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் மீதான தாக்குதலில் அதன் ஓட்டை ஒன்று பயன்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அதிலேயே நின்றதற்குக் காரணம் மந்தபுத்தியன்று. அலுவலகங்களின் உள் மென்பொருள்கள் அந்த ஓர் உலாவியில் மட்டுமே இயங்கும்படி எழுதப்பட்டிருந்தன. ஊழியருக்கு வேறு வழியில்லை. 2011இல் மைக்ரோசாஃப்டே ஆறாம் பதிப்பை ஒழிக்கப் பிரசாரம் நடத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: கூகுளை நம்பாததால் குரோமை விட்டு எட்ஜுக்கு மாறினேன். என் தங்கை பிரேவ் பயன்படுத்துகிறாள். எங்கள் இருவரில் யாருக்குப் பாதுகாப்பு அதிகம்?

பதில்: இருவரும் ஒரே வண்டியில்தான் பயணம் செய்கிறீர்கள், இருக்கை உறைதான் வேறு. ஓப்பரா உலாவி 2013இல், பக்கங்களைப் படித்துத் திரையில் காட்டும் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் அறிவித்து, 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்தின் மேல் கட்டி வெளியிட்டது. பிரேவ், விவால்டி ஆகியவையும் அதே அடித்தளம். குரோமியத்தின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் ஓட்டை விழுந்தால் அத்தனை பேர் வீட்டிலும் ஒரே நாளில் ஒழுகும்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை உங்களுக்குள் வேறுபாடு உண்டு. எந்த நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிய தகவல் போகிறது, விளம்பரத் தொடர்வான்கள் தானாகத் தடுக்கப்படுகின்றனவா என்பதெல்லாம் உலாவிக்கு உலாவி மாறும். ஆனால் பாதுகாப்பில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் காலம் சார்ந்தது. குரோமியம் திறந்த மூலநிரல் என்பதால் திருத்தம் சேர்ந்தவுடன் உலகம் முழுவதும் அதைப் படிக்கலாம். எங்கே ஓட்டை இருந்தது என்பதைத் திருத்தத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் அடைத்த ஓட்டையைத் தம்பி ஒரு வாரம் கழித்து அடைத்தால், அந்த ஒரு வாரம் திருடனிடம் வரைபடமே இருக்கிறது. சிறிய குழு நடத்தும், மாதக்கணக்கில் பின்தங்கும் குரோமியக் கிளைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எட்ஜும் பிரேவும் இதில் பொதுவாகச் சுணங்குவதில்லை.

எதிரெதிர் முகாம்கள் என்று நாம் நினைப்பவையும் உள்ளே பகிர்ந்துகொள்வது நிறைய. வெப்பி என்ற பட வகையைத் திறக்கும் சிறிய நிரல்தொகுப்பில் 2023 செப்டம்பரில் ஆபத்தான ஓட்டை ஒன்று தெரியவந்தது. தாக்குதலுக்கென்றே செய்த ஒரு படத்தைக் காட்டினாலே போதும் என்ற அளவுக்கு அது மோசம். குரோம் 11ஆம் தேதி திருத்தியது, ஃபயர்ஃபாக்ஸ் 12ஆம் தேதி திருத்தியது. ஏனென்றால் இரண்டுமே அதே தொகுப்பைத்தான் வைத்திருந்தன. அந்த வாரம் இரண்டு முகாம்களுக்கும் ஒரே காய்ச்சல்.

ஐபோனில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அங்கே குரோம் என்றாலும் ஃபயர்ஃபாக்ஸ் என்றாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024இல் அந்த நாடுகளில் வேறு இயந்திரங்களுக்கு ஆப்பிள் வழிவிட்டது. எந்த உலாவி உயர்ந்தது என்று ஐபோனில் சண்டை போடுபவர்கள் பல ஆண்டுகளாகச் சஃபாரியோடு சஃபாரியை மோதவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: கால்பந்துக் குழுவுக்கு ரசிகர்கள் இருப்பது புரிகிறது. பக்கங்களைத் திறக்கும் ஒரு மென்பொருளுக்கு இத்தனை தீவிர விசுவாசிகள் ஏன்?

பதில்: இந்த விசுவாசம் ஒருகாலத்தில் உண்மையாகவே வேலை செய்தது என்பதுதான் முதல் காரணம். தொண்ணூறுகளில் கோலோச்சிய நெட்ஸ்கேப் உலாவி வீழ்ந்த பின், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரே இருந்த காலத்தில், 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் முதல் பதிப்பு வந்தது. அதற்கு விளம்பரப் பணம் இல்லை. பயனர்களே நன்கொடை திரட்டி, அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்கள் பொடி எழுத்தில் அதில் அச்சாகியிருந்தன. 2006இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மாணவர்கள் வயலில் பயிரைச் சாய்த்து அதன் சின்னத்தை வரைந்தார்கள். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வெளியான 24 மணி நேரத்தில் 80,02,530 முறை பதிவிறக்கப்பட்டு அது கின்னஸ் சாதனை ஆயிற்று. தன் பெயரைச் செய்தித்தாளில் பார்த்தவருக்கு அந்த உலாவி வெறும் மென்பொருளாக இருக்க முடியாது.

போட்டியாளர்களிடம் இருந்த உற்சாகமும் குறைந்ததில்லை. 1997இல் நான்காம் எக்ஸ்புளோரர் வெளியான இரவில், மைக்ரோசாஃப்ட்காரர்கள் தங்கள் பெரிய 'இ' எழுத்துச் சின்னத்தை நெட்ஸ்கேப் அலுவலகத்துப் புல்வெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். விடிந்ததும் நெட்ஸ்கேப் ஊழியர்கள் அதைத் தள்ளிவிட்டு மேலே தங்கள் டைனோசர் பொம்மையை நிறுத்தினார்கள். 2006இல் ஃபயர்ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்புக்கு எக்ஸ்புளோரர் குழு கேக் அனுப்பி வாழ்த்தியது. விசுவாசிகளுக்கு மட்டும்தான் கேக் அனுப்பும் மனம் வருவதில்லை.

இந்தப் பற்றை நான் இழிவாக நினைக்கவில்லை. வலையை ஒரே நிறுவனத்தின் இயந்திரம் நடத்தக் கூடாது என்பது மதிக்கத்தக்க நிலைப்பாடு. மூன்றில் இரண்டு பங்கு குரோமிடம் இருக்கும் இன்றைக்கு அது முன்பைவிடவும் பொருந்தும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 'ஃபயர்ஃபாக்ஸை ஆதரிக்கிறேன், ஏனெனில் மாற்று ஒன்று உயிரோடிருக்க வேண்டும்' என்று நேர்மையாகச் சொல்வதற்குப் பதிலாக, 'ஏனெனில் அதுவே பாதுகாப்பானது' என்று சொல்லும்போது. முதல் வாக்கியத்தை யாரும் ஓட்டைப் பட்டியலைக் காட்டி மறுக்க முடியாது. இரண்டாவதை 2019 மே 4 போன்ற ஒரே நாள் கவிழ்த்துவிடும். அன்று, நீட்டிப்புகள் நம்பத்தக்கவை என்று உறுதிசெய்யும், மொசில்லா புதுப்பிக்க மறந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்டிப்புகள் திடீரென்று முடங்கின. அதே அடித்தளத்தில் இயங்கும் டோர் உலாவியில், அடையாளம் மறைத்து வாழ வேண்டியவர்கள் நம்பியிருந்த, பக்கங்களின் நிரல்கள் ஓடாமல் தடுக்கும் நோஸ்கிரிப்ட் நீட்டிப்பும் சேர்ந்து நின்றுபோயிற்று. கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை, நாள்காட்டிதான் தவறியது. நல்லவர்கள் கட்டிய வீட்டிலும் பூட்டு துருப்பிடிக்கும்.

இன்னொன்றையும் விசுவாசிகள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, தேடல் ஒப்பந்தத்தின் வழியாகக் கூகுளிடமிருந்தே வருகிறது.

கேள்வி: என் உலாவியில் 14 நீட்டிப்புகள் இருக்கின்றன. உலாவியைத் தவறாமல் புதுப்பிக்கிறேன். இது போதும் அல்லவா?

பதில்: போதாது. வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டு, 14 பேரிடம் சாவி கொடுத்திருக்கிறீர்கள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதியை நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நீட்டிப்பு உங்கள் மின்னஞ்சலைப் படிக்கலாம். தாக்குபவர் சாண்ட்பாக்ஸை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

நீட்டிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் அது கைமாறும்போது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இருந்தது. அதை எழுதியவர் 2020இல் வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில் தீநிரல் என்று சொல்லிக் கூகுள் அதை முடக்கியது. விற்காமலும் கெடலாம்: 2024 டிசம்பர் இறுதியில், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தார், அவர் கணக்கின் வழியாக அந்த நிறுவனத்தின் நீட்டிப்பில் திருட்டு நிரல் ஏற்றப்பட்டு, புதுப்பிப்பு என்ற பெயரில் பயனர்களிடம் தானாகவே போய்ச் சேர்ந்தது. புதுப்பித்துக்கொண்டே இருங்கள் என்று சற்று முன் நான் சொன்ன அறிவுரை, நீட்டிப்புகளில் இப்படித் திரும்பிக் கடிக்கும். ஆகவே அங்கே எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றே வழி.

என் சொந்த அனுபவம் இதைவிட அற்பமானது. வண்ணங்களின் எண்ணைக் காட்டும் ஒரு சிறு நீட்டிப்பை எப்போதோ ஒருநாள் வேலைக்காகச் சேர்த்தேன், மறந்தேன். ஆண்டுகள் கழித்து, தேடல் முடிவுகளின் நடுவே நான் எங்கும் கண்டிராத விளம்பரங்கள் தோன்றின. உலாவியை நீக்கி நிறுவினேன், வைரஸ் தேடினேன், இணைய இணைப்பு தருபவரைச் சந்தேகித்தேன். நீட்டிப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது பதினொன்றாவதில் விளம்பரம் நின்றது.

இந்த இடத்தில் 'மேனிஃபெஸ்ட் வி3' சண்டையைத் தொடாமல் போக முடியாது. நீட்டிப்புகளின் அதிகாரத்தைக் குறைக்கும் இந்த விதிமுறையைக் கூகுள் பாதுகாப்பின் பெயரில் கொண்டுவந்தது; அதன் விளைவாக யூபிளாக் ஆரிஜின் என்ற புகழ்பெற்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் குரோமில் முடங்கி, குறைந்த ஆற்றலுள்ள 'லைட்' வடிவம் மட்டும் எஞ்சியது. ஃபயர்ஃபாக்ஸ் பழைய ஆற்றலையும் விட்டுவைத்திருக்கிறது. நீட்டிப்புகளுக்கு அளவுமீறிய அதிகாரம் ஆபத்து என்று கூகுள் சொல்வது, மேலே கண்ட கதைகளின்படி உண்மை. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுகிறது என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதும் உண்மை. ஆபத்தான விளம்பரங்கள் வழியே தீநிரல் பரவுவது நடைமுறை என்பதால், நல்ல தடுப்பான் ஒன்றை வைத்திருப்பதை நான் பாதுகாப்புக் கணக்கிலேயே சேர்ப்பேன். உங்கள் பதினான்கில் அதை வைத்துக்கொண்டு, கடவுச்சொல் பெட்டகம் இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை இன்றே பரிசீலியுங்கள்.

கேள்வி: பூட்டுச் சின்னமும் மறைநிலைச் சாளரமும் இருந்தால் பயமில்லைதானே?

பதில்: பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்வதில்லை. மோசடித் தளங்களும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிப் பூட்டோடு வருகின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. மறைநிலை, உங்கள் கணினியைப் பகிர்ந்துகொள்பவரிடமிருந்து வரலாற்றை மறைக்கும். தளங்களிடமிருந்தும் இணைய நிறுவனத்திடமிருந்தும் மறைக்காது.

கேள்வி: என் தந்தையார் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியை மாற்ற மறுக்கிறார். அதில் எந்த உலாவியை நிறுவித் தருவது? குரோம் விசுவாசியான நானும் ஃபயர்ஃபாக்ஸ் விசுவாசியான என் அண்ணனும் ஒரு மாதமாக வாதிட்டுவருகிறோம்.

பதில்: இந்த ஒரு வழக்கில் உங்கள் அண்ணனுக்குத் தீர்ப்பு எழுத முடிகிறது. குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. அதற்குப் பின் கண்டறியப்பட்ட எந்த ஓட்டையும் அந்தக் கணினியில் அடைபடாது. குரோமியத்தின் பிள்ளைகளும் அதே வழியில் போய்விட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவுக் கிளையை, அறிவித்த காலக்கெடுவைப் பலமுறை தள்ளிவைத்து, இத்தகைய பழைய கணினிகளுக்காகத் தொடர்ந்து திருத்தியளித்தது. நிறுவும் முன் அந்த ஆதரவு இன்னும் நீடிக்கிறதா என்று மொசில்லாவின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணன் வெற்றியைக் கொண்டாடுமுன் ஒன்று. சாண்ட்பாக்ஸ் என்பது இயங்குதளம் தரும் சுவர்களின் மேல் கட்டப்படுவது. விண்டோஸ் 7இன் பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அடித்தளம் அரித்துப்போன வீட்டில் எந்தக் கதவு நல்லது என்பதுதான் உங்கள் ஒரு மாத வாதம். செய்தி படிக்கவும் பாட்டு கேட்கவும் அந்தக் கணினி தந்தையாரிடமே இருக்கட்டும். வங்கி வேலையை மட்டும், புதுப்பிப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கும் கைபேசிக்கு மாற்றித் தந்துவிடுங்கள். அதில் எந்த உலாவி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் இருவரும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து.